'எதிர்பார்க்கத்தக்க சிக்கல்' என்று பதில் எழுதிய மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

உங்கள் வார்டில் சிகிச்சையில் இருந்த என் தம்பிக்கு நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வந்தது பற்றிய என் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் மொத்தம் நான்கு வரி. மூன்றாவது வரி இது: "இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நுரையீரல் பூஞ்சைத் தொற்று எதிர்பார்க்கத்தக்க சிக்கலே." அந்தப் பதில் கைக்கு வந்த அதே வாரம் வார்டு வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. சீரமைப்புப் பணியின் இரண்டாம் கட்டம் இரத்தப் புற்றுநோய் வார்டுக்கு நேர் மேல் தளத்தில் அடுத்த மாதம் முதல் தேதி தொடங்கும், வார்டு வழக்கம்போல் இயங்கும், இடையூறுக்கு வருந்துகிறோம் என்று அதில் இருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

எதிர்பார்த்தீர்கள், சரி. எதிர்பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள்?

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. கணக்கு எழுதுவது என் வேலை. எதையும் தேதி போட்டுக் குறித்து வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தம்பிக்கு அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே ஒரு நோட்டு போட்டுவிட்டேன். கீழே வரும் நாள் கணக்கெல்லாம் அந்த நோட்டில் இருப்பது. உங்கள் கேஸ் ஷீட்டோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்காவது நான் தவறாக எழுதியிருந்தால் திருத்திக்கொள்கிறேன்.

கீமோ தொடங்கிய நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாள் சைட்டராபின் என்ற கீமோ மருந்து, அதில் முதல் மூன்று நாள் டவுனோரூபிசின் என்ற மருந்தும் சேர்த்து. ஒன்பதாம் நாள் அவனுடைய நியூட்ரோபில், அதாவது தொற்றை எதிர்க்கும் வெள்ளணு, எண்ணிக்கை 500க்குக் கீழே இறங்கியது. பதினொன்றாம் நாள் 100க்கும் கீழே. இது நடக்க வேண்டியதுதான், இதற்காகத்தான் கீமோவே என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்று ரவுண்ட்ஸ் வந்தபோது கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "இனி ரெண்டு மூணு வாரம் இவர் உடம்புல காவலுக்கு ஆள் இல்லம்மா. காத்துல வர்றது கூட உள்ள போய் உட்கார்ந்துக்கும்" என்றார்.

காற்றில் வருவது எது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. மக்கும் இலையிலும் ஈர மண்ணிலும் மட்டுமல்ல, ஒழுகிய சீலிங்கின் முதுகிலும் ஏசி குழாயின் உட்புறத்திலும் இருக்கும். அதன் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான். மூக்கில் சிக்காமல், தொண்டையில் தங்காமல் நேராக நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும் அளவுக்குச் சிறிது. இந்த மடலைப் படிக்கும் நீங்களும் எழுதும் நானும் தினமும் அதை நூற்றுக்கணக்கில் உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நம் நுரையீரலில் இருக்கும் அணுக்கள் அவற்றைத் தின்று முடித்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. நியூட்ரோபில் இல்லாதவருடைய நுரையீரலில் அந்த வித்து முளைக்கிறது. இழையாக நீண்டு இரத்தக் குழாயின் சுவரைத் துளைக்கிறது. குழாய் அடைபட்டுப் போக, அதை நம்பி இருந்த சதை சாகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் மிஞ்சுவது மிக அரிது.

இந்த வித்துகள் எப்போது மொத்தமாகக் காற்றில் ஏறும்? பழைய சுவரை உடைக்கும்போதும் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்கும்போதும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதே விநோதமாக இருக்கிறது.

உங்கள் முதல் கட்டப் பணி எங்கள் வார்டை ஒட்டிய பகுதியில் எட்டாம் நாள் தொடங்கியது. முதலில் டிரில் சத்தம், அப்புறம் சம்மட்டி. பத்தாம் நாள் காலையில் தம்பியின் மூக்குக் கண்ணாடியை ஜன்னல் திட்டிலிருந்து எடுத்தேன். முந்தின இரவு அவன் கழற்றி வைத்தது. கண்ணாடி இருந்த இடத்தில் மட்டும் கறுப்புக் கல் பளிச்சென்று தெரிந்தது, சுற்றிலும் வெள்ளை. இரண்டு வட்டம், நடுவில் ஒரு பாலம், இரண்டு பக்கமும் காதுக் கம்பி. ஒரே இரவில் அவ்வளவு தூசி. ஜன்னல் மூடித்தான் இருந்தது. தூசி வந்த வழி கதவு.

வார்டின் பெரிய கதவில் 'எப்போதும் மூடியிருக்க வேண்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். பகல் முழுக்க அது திறந்துதான் கிடந்தது. டிராலி போக வர இடைஞ்சலாம், குப்பைத் தொட்டியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். இரவு ஷிஃப்டில் இருந்த சிஸ்டர் ஒருவர்தான் எங்கள் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு துண்டை நனைத்துச் சுருட்டிக் கதவடியில் வைத்தார். காய்ந்ததும் எடுத்து மறுபடி நனைத்து வைத்தார். இப்படி ஒன்பது இரவு. உங்கள் இடிபாட்டுத் தூசிக்கும் என் தம்பியின் நுரையீரலுக்கும் நடுவில் இருந்த ஒரே தடுப்பு அந்த ஈரத் துண்டு. அவர் பெயரை நான் எங்கேயும் எழுதப் போவதில்லை. துண்டு எதற்கு என்று அவரிடம் விளக்கம் கேட்டாலும் கேட்பீர்கள்.

பன்னிரண்டாம் நாள் இரவு காய்ச்சல் 102. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறிவிட்டது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பதினான்காம் நாள் எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் இரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. மூச்சை இழுத்துவிட்டால் வலது விலாவில் சுருக்கென்கிறது என்றான். வறட்டு இருமல் வந்தது. எக்ஸ்ரே சுத்தம், கல்ச்சர் சுத்தம் என்று கேட்டு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். இந்தப் பூஞ்சை தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதும் இரத்தக் கல்ச்சரில் வளர்வதே அபூர்வம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரிந்திருந்தது. ஆன்டிபயாட்டிக் கொடுத்து நான்கு நாளாகியும் காய்ச்சல் நிற்காததால் பதினாறாம் நாள், வெள்ளிக்கிழமை, நெஞ்சு சி.டி. ஸ்கேன் எழுதினார்.

ஸ்கேன் எடுத்தது பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை.

நடுவில் மூன்று நாள். வார இறுதியில் விபத்து, பக்கவாதம் போன்றவற்றுக்கு மட்டுமே ஸ்கேன் எடுப்பார்களாம், காய்ச்சலுக்கு எடுக்க மாட்டார்களாம். "இது வெறும் காய்ச்சல்தானே மேடம், எமர்ஜென்சி லிஸ்ட்ல வராது" என்று கவுன்டரில் இருந்தவர் சொன்னார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. லிஸ்டை எழுதியது அவர் இல்லை.

திங்கட்கிழமை அவனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கீழே கொண்டுபோனோம். அந்த லிஃப்டில் எங்களோடு ஏறியவை ஏழு மூட்டை இடிபாடு. நோயாளிகளுக்கென்று இருக்கும் லிஃப்ட்தான். வேலையாட்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை, அவர்களும் பாவம், ஒதுங்கி நின்று எங்களுக்கு இடம் விட்டார்கள். ஒரு மூட்டை சரிந்து நாற்காலிக் கையின் மேல் சாய்ந்தது. தம்பியின் போர்வையில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. முகத்தில் அவனுக்குக் கொடுத்திருந்தது காதில் மாட்டும் சாதாரண மாஸ்க். நான் போர்வையை உதறப் போனேன், அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உதறாதக்கா, இன்னும் பறக்கும்" என்றான். நியூட்ரோபில் பூஜ்யமாக இருந்தவனுக்குத் தெரிந்த விஷயம் அது.

ஸ்கேன் அறையில் இருந்த டாக்டர் நல்லவர். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வலது நுரையீரலின் மேல் பாகத்தில் ஒரு உருண்டை, சுமார் 2 சென்டிமீட்டர். அதைச் சுற்றி, தெருவிளக்கைப் பனி சூழ்ந்த மாதிரி ஒரு மங்கல் வளையம். "இத ஹேலோன்னு சொல்லுவோம். நடுவுல இருக்கறது பூஞ்சை அடைச்ச இடம். சுத்தி இருக்கறது கசிஞ்ச ரத்தம்." அந்த வளையம் சில நாளில் மங்கிவிடும், ஒரு வாரம் போனால் பெரும்பாலானவர்களுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும், தெரியும்போதே பார்த்தால்தான் உண்டு என்றும் சொன்னார். நான் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மனதுக்குள் எண்ணினேன்.

அன்று மாலையே வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கினார்கள். காலக்டோமன்னன் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூஞ்சையின் செல் சுவரிலிருந்து இரத்தத்தில் கசியும் ஒரு சர்க்கரைப் பொருள்தான் காலக்டோமன்னன். அளவு 0.5க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். தம்பியின் இரத்தத்தைப் பதினேழாம் நாள், சனிக்கிழமை எடுத்தார்கள். உங்கள் ஆய்வகத்தில் இந்தப் பரிசோதனை இல்லை. வெளியே போகிறது, அதுவும் திங்களும் வியாழனும் மட்டும். குழாய் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருந்து திங்கட்கிழமை கிளம்பியது. முடிவு இருபத்து மூன்றாம் நாள் வந்தது. 1.9. நாள்கணக்கில் உயிர் போகும் நோய்க்கு ஏழாம் நாள் வரும் பரிசோதனை முடிவு ஃபைலுக்குத்தான் ஆகும்.

இப்போது உங்கள் பதிலின் நான்காவது வரிக்கு வருகிறேன். "நோயாளிக்கு நெறிமுறைப்படி பூஞ்சைத் தடுப்பு மருந்து வழங்கப்பட்டது." உண்மை. வழங்கப்பட்டது ஃப்ளூகோனசோல். அது கேண்டிடா என்ற வேறு பூஞ்சை வகைகளுக்கு நல்ல மருந்து. ஆஸ்பெர்ஜில்லஸ் மேல் அது வேலை செய்யாது. மழைக்குப் பயந்தவன் கையில் விசிறியைக் கொடுத்த மாதிரி. ஆஸ்பெர்ஜில்லஸையும் தடுக்கும் போசகோனசோலை இதே மாதிரி நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. ஃப்ளூகோனசோல் அல்லது இட்ராகோனசோல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு உறுதியான அல்லது பெரும்பாலும் உறுதியான பூஞ்சைத் தொற்று வந்தது, போசகோனசோல் எடுத்தவர்களில் 2 பேருக்கு. உயிர் பிழைத்தவர்களும் போசகோனசோல் பக்கம்தான் அதிகம். உங்கள் நெறிமுறைத் தாளில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்று யாராவது புரட்டிப் பார்த்தீர்களா?

எல்லோருக்கும் போசகோனசோல் கொடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கொடுக்கும்போது சேர்த்தால் நரம்பு பாதிக்கும். வெனிடோக்ளாக்ஸ் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து கொடுத்தால் அதன் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும். அந்த முடிவு டாக்டருடையது, அதில் நான் தலையிடவில்லை. தம்பியின் கீமோவில் இந்த இரண்டுமே கிடையாது. ஏன் அவனுக்கு ஃப்ளூகோனசோல் என்று கேட்டபோது, "மருந்தகப் பட்டியல்ல அதுதான் இருக்கு" என்று பதில் வந்தது. பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது.

வோரிகோனசோல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மருந்து. 2002இல் வந்த ஆய்வில், பழைய பூஞ்சை மருந்தான ஆம்ஃபோடெரிசினில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 58 பேர் பன்னிரண்டாம் வாரம் உயிரோடு இருந்தார்கள், வோரிகோனசோலில் தொடங்கியவர்களில் 71 பேர். என் தம்பி அந்த 71இல் ஒருவன் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் மருந்து ஏறி அரை மணி நேரத்தில் "அக்கா, டியூப் லைட்ட சுத்தி ஊதா கலர்ல அலையடிக்குது" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது, மூளைக்குப் போய்விட்டதோ என்று. இது பலருக்கும் வரும், தானே போய்விடும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதோடு முடியவில்லை. ஆறு நாள் கழித்து, சுவரில் எறும்பு வரிசை போகிறது, அதில் ஒன்று தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றான். சுவரில் ஒன்றுமில்லை. இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதினார், அதுவும் வெளியே போகும் பரிசோதனை. முடிவு வந்தபோது லிட்டருக்கு 7 மில்லிகிராம். 5.5ஐத் தாண்டினாலே இப்படியெல்லாம் ஆகும். ஒரே அளவு மாத்திரை ஒருவர் உடம்பில் சீக்கிரம் கரைகிறது, இன்னொருவர் உடம்பில் தேங்குகிறது, பிறவியிலேயே வரும் வித்தியாசம். அதனால்தான் சில நாளிலேயே அளவு பார்க்க வேண்டும் என்கிறார்கள். அளவைக் குறைத்ததும் எறும்புகள் போய்விட்டன.

பக்கத்துக் கட்டில் பெரியவரைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் பெயரும் ஊரும் இங்கே வராது. அவருக்கும் அதே வாரம் அதே மாதிரி நிழல், இடது பக்கம். இருபத்தேழாம் நாள் காலையில் அவருடைய வெள்ளணு கவுன்ட் ஏறத் தொடங்கியது என்று சிஸ்டர் வந்து சொன்னார். வார்டில் கவுன்ட் ஏறுவது என்றால் பரீட்சையில் பாஸான மாதிரி. எல்லோரும் அவர் கட்டிலருகே போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தோம். அவர் மகள் தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மாலை இருமினார், வாயில் இரத்தம். நிற்கவில்லை. வெள்ளணு திரும்பி வரும்போதுதான் செத்த சதை கழன்று இரத்தக் குழாய் திறந்துகொள்ளும் அபாயம் அதிகம் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன். வார்டில் எங்களில் யாரிடமும் அதற்கு முன் யாரும் அதைச் சொன்னதில்லை. அவர் மகள் போனைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்துவிடுகிறேன். இவர்களுக்குத் தொற்று உங்கள் கட்டட வேலையால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. வித்து எங்கும் இருக்கிறது. மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே தம்பியின் மூச்சில் ஏறியிருக்கலாம். ஆனால் நிரூபிக்க முடியாமல் போனதற்கும் நீங்கள்தான் காரணம். அந்த நாட்களில் வார்டின் காற்றை ஒருமுறைகூட யாரும் பரிசோதிக்கவில்லை. வேலை தொடங்கிய பிறகு எத்தனை பேருக்குப் பூஞ்சை வந்தது, அதற்கு முன் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. கேட்டேன், அப்படி ஒரு பதிவேடே இல்லை என்றார்கள். எண்ணாத இடத்தில் எல்லாமே தற்செயல்தான்.

எண்ணியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் கூட்டமாகப் பரவிய சம்பவங்களைத் திரட்டிய ஒரு தொகுப்பு 2006இல் வந்தது. 53 ஆய்வுகள், 458 நோயாளிகள். அவற்றில் ஏறத்தாழ பாதியில், கட்டட வேலையோ இடிப்பு வேலையோதான் காரணமாக இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். நோயாளிகளில் பெரும்பகுதி இரத்தப் புற்றுநோய்க்காரர்கள். இதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டியில், மருத்துவமனைக்குள் சுவரில் கை வைப்பதற்கு முன்பே தொற்று அபாய மதிப்பீடு செய்ய வேண்டும், அதில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. வேலை நடக்கும் பகுதியை இடைவெளி இல்லாமல் அடைப்பது, அங்கிருந்து காற்றை வெளியே உறிஞ்சுவது, இடிபாட்டுக்குத் தனிப் பாதை, நோயாளியை அறைக்கு வெளியே கொண்டுபோனால் என்-95 மாதிரியான மாஸ்க். இருபது ஆண்டுக்கு மேலாக அச்சில் இருக்கும் விஷயங்கள் இவை. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டபோது, 19 பூஞ்சைகளில் உச்ச வரிசையில் வைத்த நான்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸும் ஒன்று. உங்கள் பதிலில் அது ஒரு 'சிக்கல்'.

இன்னொன்றும் நோட்டில் இருக்கிறது. முப்பதாம் நாள் எங்களுக்கு ஹெப்பா ஃபில்டர் அறை, அதாவது நுண்தூசியை வடிகட்டிய காற்று வரும் அறை, கிடைத்தது. அது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காரர்களுக்கானது, காலியாக இருந்ததால் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. அப்படிப்பட்ட அறையில் சுத்திகரித்த காற்று உள்ளே நிறைந்து, கதவிடுக்கு வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் வராந்தாத் தூசி உள்ளே வராது. ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக் கதவின் அடியிடுக்கில் பிடித்துப் பார்த்தேன். தாள் உள்பக்கம் வளைந்தது. மறுபடி பிடித்தேன், உள்பக்கமே வளைந்தது. பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். சுவரில் இருந்த அழுத்தமானியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் ரிப்பேர். ஆனா ஃபில்டர் ஓடுது மேடம்" என்றார். ஃபில்டர் ஓடட்டும், காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது? நாங்கள் டிஸ்சார்ஜ் ஆகும்வரை அந்த முள் அசையவில்லை.

தம்பி இப்போது உயிரோடு இருக்கிறான். முதல் ஸ்கேனுக்குப் பத்து நாள் கழித்து எடுத்த இரண்டாவது ஸ்கேனில் உருண்டை இன்னும் பெரிதாகத் தெரிந்தபோது நான் உடைந்துபோனேன். மருந்து வேலை செய்தாலும் முதல் ஒரு வாரம் பத்து நாளுக்கு நிழல் வளரும், அதைப் பார்த்து மருந்தை மாற்றக் கூடாது என்று டாக்டர் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அப்புறம் அது சுருங்கியது. ஆனால் நுரையீரல் தெளிகிறவரை அடுத்த கீமோவைத் தொடங்க முடியவில்லை, ஏழு வாரம் தள்ளிப்போனது. லுகேமியா அந்த ஏழு வாரமும் சும்மா இருந்ததா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு மஜ்ஜைப் பரிசோதனைக்கும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். வெயிலில் பத்து நிமிடம் நின்றால் அவன் கை சிவந்து தோல் உரிகிறது, மருந்தின் வேலை. அடுத்த சுற்றுக்கு அவன் மறுபடி உங்கள் வார்டுக்குத்தான் வர வேண்டும். மேல் தளத்தில் சம்மட்டி விழும் மாதத்தில்.

கட்டடத்தைச் சீரமைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒழுகும் சீலிங்கும் ஈரச் சுவரும் அப்படியே இருந்தால் அங்கேயும் பூஞ்சைதான் வளரும். செய்யுங்கள். ஆனால் நான் கேட்பவற்றைச் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

மேல் தளத்தில் வேலை நடக்கும் காலம் முழுவதும் நியூட்ரோபில் 500க்குக் கீழே உள்ள நோயாளிகளை அந்தக் கட்டடத்தின் வேறு பகுதிக்கு, முடிந்தால் வேறு கட்டடத்துக்கே மாற்றுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள். தொற்று அபாய மதிப்பீட்டைச் செய்து, அதில் யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பதோடு வார்டு வாசலில் ஒட்டுங்கள். இடையூறுக்கு வருந்தும் தாள் ஒட்டியிருக்கும் அதே இடத்தில். அடைப்பைப் போட்டபின் அது காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று ஒப்பந்தக்காரர் பார்த்தால் போதாது, தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு தினமும் பார்க்க வேண்டும். இடிபாடு நோயாளி லிஃப்டில் ஏறக் கூடாது. வார்டை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் முகத்தில் சரியாகப் பொருந்தும் என்-95 கொடுங்கள். ஃபில்டர் அறைகளின் அழுத்தமானிகளைப் பழுது பார்த்து, அளவைத் தினமும் குறித்துக் கதவிலேயே மாட்டுங்கள். அதுவரை ஒரு டிஷ்யூ பேப்பராவது பிடித்துப் பாருங்கள்.

நான்கு நாள் ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத காய்ச்சலோடு நியூட்ரோபில் இல்லாமல் கிடப்பவருக்கு நெஞ்சு சி.டி. ஸ்கேன் 24 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட வேண்டும், சனி ஞாயிறானாலும் சரி. அந்த எமர்ஜென்சி லிஸ்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். காலக்டோமன்னன் பரிசோதனையை உங்கள் ஆய்வகத்திலேயே தொடங்குங்கள். அது ஆகும்வரை மாதிரி தினமும் வெளியே போகட்டும், முடிவு 48 மணி நேரத்தில் டாக்டர் கைக்கு வரட்டும். வோரிகோனசோல் அளவுப் பரிசோதனைக்கும் இதே ஏற்பாடு வேண்டும். மியூக்கர் என்ற இன்னொரு வகைப் பூஞ்சையைக் காலக்டோமன்னன் பரிசோதனை காட்டாது, வோரிகோனசோலுக்கும் அது கேட்காது. அதற்கு வேண்டிய லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் இருப்பில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், தேவைப்படும் இரவில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மருந்தகப் பட்டியலில் போசகோனசோலைச் சேருங்கள். ஒருவருக்கு அது வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தால் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பதிவேடு ஒன்று தொடங்குங்கள். மாதம் எத்தனை பேருக்கு நுரையீரல் பூஞ்சை, எந்த அறை, எந்தத் தேதி, அப்போது எங்கே வேலை நடந்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள். பெயர் வேண்டாம், எண் போதும். முதல் கட்டப் பணி நடந்த மாதங்களையும் பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து எடுத்து அதில் சேர்க்க வேண்டும். உட்கார்ந்து எண்ணிக் கொடுக்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன். என் வேலையே அதுதான்.

உங்கள் அறிவிப்பில் அடுத்த மாதம் முதல் தேதி என்று போட்டிருக்கிறது. இந்த மடலுக்கான பதில் அதற்கு ஒரு வாரம் முன்பாவது எனக்கு எழுத்தில் வேண்டும். தம்பியின் அடுத்த கீமோ அந்த மாதம் ஐந்தாம் தேதி. அவனை எந்த அறையில் சேர்ப்பீர்கள், அந்த அறையில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் இரத்தப் புற்றுநோய் வார்டில் 41 நாள் இருந்த ஒரு நோயாளியின் அக்கா